அப்ஸ்ட்ராக்ட் நவுன்: கண்டுபிடிப்பதிலிருந்து பிழையில்லாமல் எழுதுவது வரை

‘கண்ணால் பார்க்க முடியாதது, கையால் தொட முடியாதது, அதுதான் அப்ஸ்ட்ராக்ட் நவுன்.’ மும்பையில் தாராவியிலிருந்து முலுண்டு வரை டியூஷனுக்குப் போகும் எந்தத் தமிழ்ப் பிள்ளையைக் கேட்டாலும் இதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அடுத்த நிமிடமே ஒரு பத்தியைக் கொடுத்து அடிக்கோடு போடச் சொன்னால், முதல் கோடு ‘ஹேப்பி’யின் கீழே விழும். இரண்டாவது கோடு ‘ரன்’னின் கீழே. ஓட்டத்தைத் தொட முடியாதே!

பிள்ளை வரையறையை மறக்கவில்லை. ‘தொட முடியாதது’ என்ற பாதியைப் பிடித்துக்கொண்டு, ‘நவுன்’ என்ற பாதியை விட்டுவிட்டது. பெரியவர்களும் ஆபீஸ் மெயிலில் சறுக்குவது இதே இடத்தில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம்: முதலில் அது பெயர்ச்சொல்லா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் தொட முடியுமா என்ற கேள்வி. சொல்லின் வாலில் ஒட்டும் ‘நெஸ்’, ‘ஷன்’ போன்ற விகுதிகளின் பட்டியல் அதற்கும் பிறகு. பட்டியலிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். பாதிப் பிழை ஸ்பெல்லிங்கில்தான் ஒளிந்திருக்கிறது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம்: மூலச்சொல், அது வெர்ப்பா (வினைச்சொல்) அட்ஜெக்டிவா (பெயரின் தன்மையைச் சொல்லும் சொல்) நவுனா (பெயர்ச்சொல்), அதிலிருந்து வரும் அப்ஸ்ட்ராக்ட் நவுன், எண்ணலாமா கூடாதா. நான்காவது கட்டத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பரீட்சையில் மார்க் போவதும் பேச்சில் மானம் போவதும் அங்கேதான்.

ஒரு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. புத்தகமோ போனோ, எதுவானாலும் சரி. அதில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘சி’ அல்லது ‘யூ’ என்று ஒற்றை எழுத்து இருக்க வேண்டும். சி என்றால் எண்ணக்கூடியது, யூ என்றால் எண்ணக்கூடாதது. ஆங்கிலத்துக்குத் தமிழ் அர்த்தம் மட்டும் தரும் அகராதி இந்த வேலைக்குப் பற்றாது.

பிள்ளையின் பாடப்புத்தகத்திலிருந்தோ பேப்பரிலிருந்தோ எட்டுப் பத்து வரி உள்ள ஒரு பத்தி. தனிச்சொற்களை வைத்துப் பழகினால் சொல் நிற்கும் இடத்தைப் பார்க்கும் பழக்கம் வராது.

நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ் மூன்றையும் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இரண்டு நாள் அதற்கே கொடுங்கள். அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்ட வேண்டாம்.

மும்பைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 2020-இல் வந்த சட்டப்படி மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயம். கூடவே இந்தியும் வருகிறது. மராத்தி வகுப்பில் ‘பாவ்வாசக் நாம்’ என்றும் இந்தி வகுப்பில் ‘பாவ்வாசக் சங்ஞா’ என்றும் படிப்பது இதே சரக்குதான். வீட்டில் தமிழ் இலக்கணம் படித்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பண்புப்பெயரும் தொழிற்பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ‘தனிமை’, ‘பெருமை’ பண்புப்பெயர். ‘வருகை’, ‘முயற்சி’ தொழிற்பெயர். ஆங்கிலம் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே பெயரில் வைத்திருக்கிறது.

2. படி ஒன்று: அர்த்தத்தை மறந்துவிட்டு இடத்தைப் பாருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

தமிழ் வீட்டுப் பிள்ளை ஆங்கில வாக்கியத்தைப் படித்ததும் மனசுக்குள் தமிழாக்குகிறது. ‘ஐ ஆம் ஹேப்பி’ என்றால் ‘எனக்குச் சந்தோஷம்’. சந்தோஷம் தமிழில் பெயர்ச்சொல். தொட முடியாத பெயர்ச்சொல். ஆகவே ‘ஹேப்பி’க்கு அடிக்கோடு. தர்க்கத்தில் ஓட்டை இல்லை, மொழிதான் மாறிவிட்டது. கோபம், பசி, பயம், வெட்கம், தூக்கம் எல்லாவற்றையும் நாம் ‘எனக்கு’ போட்டுப் பெயராகச் சொல்கிறோம். ஆங்கிலமோ ‘ஐ ஆம்’ போட்டு அட்ஜெக்டிவாகச் சொல்கிறது: ஆங்ரி, ஹங்ரி, அஃப்ரெய்டு, ஷை, ஸ்லீப்பி.

இதே குழப்பம் எதிர்த்திசையிலும் வரும். ‘ஐ ஆம் டென்ஷன்’ என்பது மும்பையில் தினமும் காதில் விழுகிற வாக்கியம். ‘டென்ஷன் மத் லே’ என்று இந்தியில் சொல்லலாம். அங்கே டென்ஷன் எடுத்துக்கொள்ளும் ஒரு பொருளாக, சரியான பெயர்ச்சொல்லாக நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம்’ பக்கத்தில் வைத்தால் ‘நானே டென்ஷன்’ என்று ஆகிவிடும். அங்கே ‘டென்ஸ்’ வர வேண்டும்.

ஆகவே அர்த்தத்தை ஓரமாக வைத்துவிட்டு மூன்று சோதனை செய்யுங்கள்.

முதல் சோதனை: சொல்லுக்கு முன்னால் ‘மை’, ‘ஹிஸ்’, ‘த’ மூன்றில் ஒன்றைப் போட்டு, அங்கேயே நிறுத்திப் பாருங்கள். ‘மை ஹேப்பினஸ்’ நிற்கிறது. ‘மை ஹேப்பி’ தொங்குகிறது. அங்கேயே நிறுத்த வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘மை ஹேப்பி ஃபேமிலி வருதே’ என்று வாதாடும். அங்கே ‘மை’ ஃபேமிலிக்குச் சொந்தம். ஹேப்பி நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது: சொல்லுக்கு முன்னால் ‘வித்’, ‘ஃபார்’, ‘வித்தவுட்’, ‘ஆஃப்’ இருக்கிறதா? ‘வித்தவுட் ஃபியர்’, ‘ஃபார் ஜஸ்டிஸ்’. இவற்றுக்குப் பின்னால் தனியாக நிற்கும் சொல் பெரும்பாலும் பெயர்தான்.

மூன்றாவது: சொல்லை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஹானஸ்டி பேஸ்’ (நேர்மை பலன் தரும்) என்பது ‘இட் பேஸ்’ ஆகும். ஹானஸ்டி தேறிவிட்டது.

ஒரே சொல் ஒரு வரியில் வெர்ப்பாகவும் அடுத்த வரியில் நவுனாகவும் வரும்போது இந்தச் சோதனைகளின் அருமை தெரியும். ஃபியர், லவ், ஹோப், ஹெல்ப், ஒர்க், ட்ரீம், ஸ்லீப் எல்லாம் இந்த ரகம். ‘ஐ ஃபியர் டாக்ஸ்’ என்பதில் ஃபியர் வெர்ப். ‘மை ஃபியர் ஆஃப் டாக்ஸ்’ என்பதில் நவுன். ‘ஃபியர் அப்ஸ்ட்ராக்ட் நவுன்’ என்று பட்டியலாக மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டுக்கும் கோடு போடும்.

‘இங்’ முடிவுக்கும் இதே மருந்து. ‘ஷி இஸ் ஸ்விம்மிங்’கில் அது வெர்ப்பின் பகுதி. ‘ஸ்விம்மிங் இஸ் ஃபன்’னில் எடுத்துவிட்டு ‘இட்’ போடலாம், ஆகவே பெயர். பள்ளிக்கூடத்தில் இதற்கு ஜெரண்ட் என்று தனிப்பெயர் சொல்வார்கள். ‘அப்ஸ்ட்ராக்ட் நவுனைக் கண்டுபிடி’ என்ற கேள்வியில் ஜெரண்டைச் சேர்ப்பதா என்பது டீச்சருக்கு டீச்சர் மாறும். முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

3. படி இரண்டு: இப்போதுதான் ஐம்புலன் சோதனை

பெயர் என்று உறுதியான பிறகு கேளுங்கள்: இதைப் பார்க்க, கேட்க, முகர, சுவைக்க, தொட முடியுமா? ஐந்துக்கும் ‘இல்லை’ வந்தால்தான் அப்ஸ்ட்ராக்ட். ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும் அது கான்க்ரீட் நவுன், அதாவது புலனுக்கு எட்டும் பொருளின் பெயர்.

ஐந்தையும் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘கண்ணுக்குத் தெரியாதது’ என்று மட்டும் வைத்துக்கொண்டால் ‘ஏர்’, ‘விண்டு’ இரண்டும் பட்டியலில் ஏறிவிடும். காற்று தெரியாது, ஆனால் மெரின் டிரைவில் மழைக்காலத்தில் நின்றால் முகத்தில் அறையும். கேஸும் அப்படியே, கசிந்தால் மூக்குக்குத் தெரியும்.

பேய் என்ன கணக்கு? வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். ‘கோஸ்ட்’, ‘ஏஞ்சல்’ போன்றவற்றுக்கு நாம் உருவம் கற்பித்துப் பேசுகிறோம், ஒன்று இரண்டு என்று எண்ணுகிறோம். ஆகவே அவற்றைக் கான்க்ரீட் பக்கம் வைப்பதே வழக்கம். ‘கோஸ்ட்’டைப் பார்த்து வரும் ‘ஃபியர்’தான் அப்ஸ்ட்ராக்ட்.

‘மியூசிக்’, ‘பெயின்’, ‘ஹீட்’ எல்லாம் எல்லைக்கோட்டில் நிற்பவை. வலியை உணர்கிறோமே, அது தொடுதல் இல்லையா என்று வாதிடலாம். வீட்டுப்பாடத்துக்கு நடுவே அந்தப் பட்டிமன்றம் வேண்டாம். பிள்ளையின் பாடப்புத்தகம் எந்தப் பக்கம் வைக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சில சொற்கள் இரட்டை வேஷம் போடும். இதை மெதுவாகப் பாருங்கள்.

‘ரூம்’ என்றால் அறை, தொடலாம். காலை எட்டரை மணிக்குக் குர்லாவில் லோக்கல் பிடிக்கும்போது ‘தேர் இஸ் நோ ரூம்’ என்று சொன்னால், அங்கே ரூம் என்பது இடம். அறையைப் பற்றிய பேச்சே இல்லை. எண்ணவும் முடியாது, ‘நோ ரூம்ஸ்’ என்று சொன்னால் லாட்ஜில் அறை கிடைக்கவில்லை என்று பொருள் மாறிவிடும்.

‘ஜஸ்டிஸ்’ நீதி, பாம்பே ஹைகோர்ட் நீதிபதியின் பெயருக்கு முன்னால் பெரிய எழுத்தில் வந்தால் அது ஒரு மனிதரின் பதவிப்பட்டம். ‘யூத்’ இளமைப்பருவம், ‘அ யூத்’ என்றால் ஓர் இளைஞன். ‘பெயிண்டிங்’ சுவரில் தொங்கினால் கான்க்ரீட், பொழுதுபோக்காக இருந்தால் அப்ஸ்ட்ராக்ட். ‘பில்டிங்’கும் இதேதான். நோட்டில் இவற்றை இரண்டு வாக்கியத்தோடு எழுதுங்கள். தனிச்சொல்லாக எழுதினால் அடுத்த வாரம் எந்த வேஷம் என்று மறந்துவிடும்.

4. படி மூன்று: மூலச்சொல்லிலிருந்து உருவாக்குவது

‘பின்வரும் சொற்களிலிருந்து அப்ஸ்ட்ராக்ட் நவுன் எழுதுக’ என்ற கேள்விக்கு இந்தப் படி. விகுதியைக் குருட்டுத்தனமாக ஒட்டாமல், மூலச்சொல் எந்த வகை என்று முதலில் எழுதுங்கள். மூன்று வகைக்கும் வேறு வேறு விகுதி.

அட்ஜெக்டிவிலிருந்து வருபவை. இங்கே ‘நெஸ்’தான் பெரிய கை: கைண்ட்னஸ், டார்க்னஸ், லேசினஸ். அது எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து. சொல்லின் வாலைப் பாருங்கள். ‘ஏபிள்’, ‘இபிள்’ என்று முடிந்தால் ‘பிலிட்டி’ ஆகும்: ரெஸ்பான்சிபிள், ரெஸ்பான்சிபிலிட்டி, பாஸிபிள், பாஸிபிலிட்டி. ‘ஆல்’ என்று முடிந்தால் பெரும்பாலும் ‘இட்டி’ சேரும்: ரியல், ரியாலிட்டி, ஈக்வல், ஈக்வாலிட்டி. ‘அன்ட்’, ‘என்ட்’ என்று முடிந்தால் கடைசி ட் போய் ‘ன்ஸ்’ வரும்: பேஷன்ட், பேஷன்ஸ், இம்பார்ட்டன்ட், இம்பார்ட்டன்ஸ், ஆப்சன்ட், ஆப்சன்ஸ். அளவைச் சொல்லும் சின்னச் சொற்களுக்கு ‘த்’: லாங், லெங்த், வைடு, விட்த், டீப், டெப்த், ஸ்ட்ராங், ஸ்ட்ரென்த். இந்தக் கூட்டத்தில் ‘ஹை’ மட்டும் தனிப்பிறவி. அது ‘ஹைட்’, கடைசியில் டி எழுத்துதான், டி-ஹெச் வராது.

வெர்ப்பிலிருந்து வருபவை. ‘ஷன்’ கூட்டம் பெரியது: டிசைட், டிசிஷன், பெர்மிட், பெர்மிஷன், இன்ஃபார்ம், இன்ஃபர்மேஷன். அடுத்தது ‘மெண்ட்’: மூவ்மெண்ட், டெவலப்மெண்ட். ‘ஆல்’: அரைவல், ரெஃப்யூசல், அப்ரூவல். ‘அன்ஸ்’: பெர்ஃபார்மன்ஸ், டிஸ்டர்பன்ஸ். ‘ஷர்’, ‘ச்சர்’: பிளஷர், டிபார்ச்சர். ஏர்போர்ட்டில் இறங்கியதும் தலைக்கு மேலே தொங்கும் ‘அரைவல்’, ‘டிபார்ச்சர்’ இரண்டு போர்டும் இந்தப் பாடத்துக்கு நல்ல படங்கள்: ஒரே மாதிரி வேலை, வேறு வேறு விகுதி. எந்த வெர்ப்புக்கு எது என்று சொல்ல விதி கிடையாது. சொல்லாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை ‘ரெஃப்யூஷன்’ என்று எழுதினால் திட்டாதீர்கள். விகுதி என்ற ஒன்று வேண்டும் என்பது அதற்குப் புரிந்திருக்கிறது.

நவுனிலிருந்தே வருபவை குறைவு. ஃப்ரெண்ட்ஷிப், லீடர்ஷிப், சைல்டுஹுட், ஹீரோயிசம், ஸ்லேவரி, தெஃப்ட்.

மேலே சொன்ன விகுதிகளுக்குள் அடங்காதவற்றையும் உள்ளுக்குள் மாறுபவற்றையும் தனிப்பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்வது தவிர வழியில்லை: ப்ரௌடு, ப்ரைடு, புவர், பாவர்ட்டி, ஹாட், ஹீட், டை, டெத், லூஸ், லாஸ், சூஸ், சாய்ஸ், திங்க், தாட், ஃப்ரீ, ஃப்ரீடம், வைஸ், விஸ்டம். இங்கேதான் ‘ப்ரௌட்னஸ்’, ‘புவர்னஸ்’, ‘ஹானஸ்ட்னஸ்’ என்று பேப்பரில் பூக்கின்றன. இவற்றுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு: சில வெர்ப்புகளில் ‘வ்’ இருந்த இடத்தில் நவுனில் ‘ஃப்’ வரும். பிலீவ், பிலீஃப், ப்ரூவ், ப்ரூஃப், ரிலீவ், ரிலீஃப், லிவ், லைஃப்.

‘ஆங்ரி’, ‘ஹங்ரி’ இரண்டிலும் திசையே தலைகீழ். நவுன்தான் மூலம்: ஆங்கர், ஹங்கர். விகுதி சேர்க்காமல் கழிக்க வேண்டும். ‘ஆங்ரினஸ்’ எழுதும் பிள்ளைக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளும்.

விகுதி என்றால் என்ன என்பதே புரியாத பிள்ளைக்கு மராத்தியையும் இந்தியையும் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியிலும் லைப்ரரியிலும் ‘ஷாந்ததா ராகா’ என்ற போர்டை அது பார்த்திருக்கும். ‘ஷாந்த்’ குணம், ‘ஷாந்ததா’ அந்தக் குணத்தின் பெயர். மராத்தியில் ‘கோட்’ என்றால் இனிப்பான, ‘கோட்வா’ என்றால் இனிமை. ‘மாணூஸ்’ மனிதன், ‘மாணுஸ்கி’ மனிதத்தன்மை. இந்தியில் ‘அச்சா’, ‘அச்சாயி’, ‘பச்சா’, ‘பச்பன்’. தமிழில் ‘இனிய’, ‘இனிமை’. நான்கு மொழியிலும் அதே வித்தை என்று தெரிந்தால் ‘ஸ்வீட்’, ‘ஸ்வீட்னஸ்’ தானாக வரும்.

ஓர் எச்சரிக்கை. வாலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. ‘விட்னஸ்’ கோர்ட்டில் நின்றால் ஆள். ‘சிமெண்ட்’ மூட்டையில் வரும். ‘ஸ்டேஷன்’ தாதரில் இருக்கிறது. ‘நெய்பர்ஹுட்’ ஓர் இடம். விகுதியைக் கண்டதும் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் ஐம்புலன் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.

5. படி நான்கு: ஸ்பெல்லிங் எங்கே உடைகிறது

சொல் சரி, எழுத்து தப்பு என்றால் அந்த மார்க்கும் போய்விடும். அடிக்கடி உடையும் இடங்கள் இவை.

ஒய் எழுத்தில் முடிந்தால் ஐ ஆகும்: ஹேப்பி, லேசி, லோன்லி எல்லாம் ‘ஐ-என்-ஈ-எஸ்-எஸ்’. ‘ஷைனஸ்’, ‘டிரைனஸ்’ இரண்டிலும் ஒய் அப்படியே இருக்கும்.

ஆங்கில ‘என்’ எழுத்தில் முடியும் சொல்லோடு ‘நெஸ்’ சேர்ந்தால் இரண்டு ‘என்’ வரும்: கீன்னஸ், தின்னஸ், மீன்னஸ். ஒன்று சொல்லுடையது, ஒன்று விகுதியுடையது. காதில் ஒன்றுதான் கேட்கும் என்பதால் பிள்ளைகள் ஒன்றைச் சாப்பிட்டுவிடும்.

‘ஆர்க்யூ’ வெர்ப்பில் கடைசியில் ஈ உண்டு. ‘ஆர்க்யுமெண்ட்’டில் அந்த ஈ கிடையாது. ‘எக்ஸைட்மெண்ட்’டில் ஈ இருக்கும். முதலாவது விதிவிலக்கு, இரண்டாவதுதான் விதி.

‘ப்ரொனவுன்ஸ்’ சொல்லில் ஓ-யூ இரண்டும் உண்டு. ‘ப்ரொனன்சியேஷன்’னில் ஓ போய் யூ மட்டும் நிற்கும். உச்சரிப்பும் ‘நவுன்’ அல்ல, ‘நன்’. ‘எக்ஸ்ப்ளெய்ன்’ சொல்லில் ஏ-ஐ. ‘எக்ஸ்ப்ளனேஷன்’னில் ஐ காணாமல் போகும். ‘மெயின்டெய்ன்’ என்பதில் டி எழுத்துக்குப் பின் ஏ-ஐ. ‘மெயின்டனன்ஸ்’ஸில் அந்த இடத்தில் ஒற்றை ஈ. மும்பையில் மாதாமாதம் சொசைட்டி மெயின்டனன்ஸ் பில் வருகிறது. அதையே எடுத்து ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

‘அட்வைஸ்’ நவுனாக வந்தால் சி-ஈ, வெர்ப்பாக வந்தால் எஸ்-ஈ. நம் நாக்கு இரண்டையும் ஒரே மாதிரி சொல்வதால் கை குழம்புகிறது. கடைசி மூன்று எழுத்து ஐ-சி-ஈ என்றால் ‘ஐஸ்’. ஐஸ் ஒரு பெயர்ச்சொல், ஆகவே அது நவுன் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். நம் பள்ளிகளில் சொல்லித்தரும் பிரிட்டிஷ் முறையில் ‘ப்ராக்டிஸ்’ சொல்லுக்கும் இதே கணக்கு.

6. படி ஐந்து: எண்ணலாமா, கூடாதா

அப்ஸ்ட்ராக்ட் என்றாலே எண்ண முடியாதது என்று பலர் நினைக்கிறார்கள். தொட முடியாததும் எண்ண முடியாததும் ஒன்றல்ல. அரிசியைத் தொடலாம், ஆங்கிலத்தில் ‘ரைசஸ்’ என்று எண்ண முடியாது. ஐடியாவைத் தொட முடியாது, ‘த்ரீ ஐடியாஸ்’ என்று தாராளமாக எண்ணலாம். டவுட், ரீசன், மிஸ்டேக், ப்ராமிஸ், ப்ராப்ளம் எல்லாம் எண்ணக்கூடிய அப்ஸ்ட்ராக்ட் நவுன்கள்.

எண்ணக்கூடாதவைதான் சிக்கல்: அட்வைஸ், இன்ஃபர்மேஷன், நாலெட்ஜ், ப்ராக்ரஸ், நியூஸ், லக், கரேஜ், பேஷன்ஸ், எவிடன்ஸ், ஹோம்ஒர்க். தமிழில் ‘அறிவுரைகள்’, ‘தகவல்கள்’, ‘செய்திகள்’ என்று இயல்பாகவே ‘கள்’ போடுகிறோம். அந்தக் கை பழக்கத்தில் ‘அட்வைசஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதிவிடும். இந்தச் சொற்களுக்கு மூன்று தடை உண்டு: பின்னால் எஸ் கூடாது, முன்னால் ‘அ’, ‘ஆன்’ கூடாது, ‘மெனி’ கூடாது. ‘மச்’, ‘சம்’, ‘லிட்டில்’ போடலாம்.

‘அ குட் அட்வைஸ்’, ‘அ குட் லக்’ இரண்டும் தப்பு. நடுவில் ‘குட்’ வந்துவிட்டதால் ‘அ’ போடலாம் என்று தோன்றும், தடை நீங்கவில்லை. எண்ணியே ஆக வேண்டுமென்றால் அளவுச்சொல் வையுங்கள்: ‘அ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’, ‘ஆன் ஆக்ட் ஆஃப் கைண்ட்னஸ்’, ‘அ ஸ்ட்ரோக் ஆஃப் லக்’.

‘நாலெட்ஜ்’ மட்டும் கொஞ்சம் செல்லப்பிள்ளை. ‘அ குட் நாலெட்ஜ் ஆஃப் தமிழ்’ என்பது சரிதான். ஆனால் ‘நாலெட்ஜஸ்’ ஒருபோதும் கிடையாது.

‘எக்ஸ்பீரியன்ஸ்’ இரண்டு பக்கமும் ஆடும். வேலை அனுபவம் எண்ண முடியாதது: ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’. வாழ்க்கையில் நடந்த அனுபவம் எண்ணக்கூடியது: ‘ஆன் எக்ஸ்பீரியன்ஸ் ஐ வில் நெவர் ஃபர்கெட்’. பயோடேட்டாவில் ‘எக்ஸ்பீரியன்சஸ்’ என்று எழுதினால், என்னென்ன சம்பவம் நடந்தது என்று கேட்கத் தோன்றும்.

எஸ் எழுத்தில் முடிவதால் ஏமாற்றும் சொற்களும் உண்டு. ‘நியூஸ் இஸ்’, ‘மேத்தமேட்டிக்ஸ் இஸ்’. பார்வைக்குப் பன்மை, உள்ளே ஒருமை.

வெர்ப்பைப் பொருத்தும்போது இன்னொரு கண்ணி. ‘த க்வாலிட்டி ஆஃப் த மாங்கோஸ் இஸ் குட்.’ வாஷி மார்க்கெட்டில் ஆயிரம் மாம்பழம் குவிந்திருந்தாலும் இங்கே எழுவாய் க்வாலிட்டி; அது ஒன்று. பக்கத்தில் நிற்கும் ‘மாங்கோஸ்’ பார்த்து ‘ஆர்’ போடுவது பெரியவர்களும் செய்யும் பிழை. ‘ஆஃப்’ தொடங்கும் துண்டை விரலால் மூடிவிட்டுப் படியுங்கள்.

7. படி ஆறு: ‘த’ போடுவதா வேண்டாமா

தமிழில் ‘அ’, ‘ஆன்’, ‘த’ போன்ற ஆர்ட்டிகிள் இல்லை. மராத்தியிலும் இந்தியிலும் இல்லை. இதுவரை கைகொடுத்த மூன்று மொழியும் இந்தப் படியில் உதவாது. அதனால் பொறுமை வேண்டும்.

பொதுவாகப் பேசினால் ‘த’ வேண்டாம்: ‘ஹானஸ்டி இஸ் ரேர்’. யாருடைய ஹானஸ்டி, எந்த ஹானஸ்டி என்று குறிப்பிட்டால் ‘த’ (உயிரொலிக்கு முன் ‘தி’ என்று ஒலிக்கும்) வேண்டும்: ‘தி ஹானஸ்டி ஆஃப் த டாக்சி டிரைவர்’, ‘த கரேஜ் ஷி ஷோடு’. சொல்லுக்குப் பின்னால் ‘ஆஃப்’ அல்லது ஒரு விளக்கம் வந்து அதைக் குறிப்பாக்கினால் முன்னால் ‘த’ வரும் என்று பிள்ளைக்குச் சொல்லலாம். நூற்றுக்கு நூறு பொருந்தாது, ஆனால் தொடக்கத்துக்குப் போதும்.

‘த லைஃப் இஸ் ஹார்டு’, ‘த நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்’, ‘த சொசைட்டி மஸ்ட் சேஞ்ச்’ மூன்றும் கட்டுரைகளில் அடிக்கடி வருபவை. மூன்றிலும் ‘த’வை அடித்துவிடுங்கள். (மூன்றாவதில் நீங்கள் குடியிருக்கும் ஹவுசிங் சொசைட்டியைச் சொல்கிறீர்கள் என்றால் ‘த’ இருக்கட்டும்!)

8. ஆபீஸ் ஆங்கிலத்துக்கு ஒரு கூடுதல் படி

‘டிஸ்கஸ் அபவுட்’ ஏன் தப்பு என்று கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்பார்கள். காரணம் இந்தப் பாடத்தில் இருக்கிறது. ‘டிஸ்கஷன்’ நவுன், அது நேரடியாக இன்னொரு பெயரைத் தாங்காது, நடுவில் ‘அபவுட்’ அல்லது ‘ஆன்’ வேண்டும். ‘டிஸ்கஸ்’ வெர்ப்; அது செயப்படுபொருளை நேராகப் பிடிக்கும், பாலம் தேவையில்லை. நவுனுக்குரிய பாலத்தைக் கொண்டுபோய் வெர்ப்பில் மாட்டுவதுதான் பிழை.

இந்தச் சாவி பல பூட்டைத் திறக்கும். ‘எம்ஃபசிஸ் ஆன் க்வாலிட்டி’ சரி, ‘எம்ஃபசைஸ் ஆன்’ தப்பு. ‘அ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. வெர்ப்பாக வந்தால் ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ்’. ‘லாக் ஆஃப் டைம்’ சரி; ‘வி லாக் டைம்’ என்பதில் ‘ஆஃப்’ இல்லை. ‘அ விசிட் டு புனே’, ஆனால் ‘வி விசிட்டட் புனே’.

9. செய்து பார்ப்பது

ஆறு வாக்கியம். கேட்க வேண்டிய வரிசை அதேதான்: பெயரா, புலனுக்கு எட்டுமா, எண்ணலாமா.

‘ஹர் பேஷன்ஸ் சர்ப்ரைஸ்டு அஸ்.’ முன்னால் ‘ஹர்’, ‘பேஷன்ஸ்’ஸோடு நின்றுவிடுகிறது, பெயர். ஐந்து புலனுக்கும் எட்டாது. எண்ணக்கூடாதது. ‘சர்ப்ரைஸ்டு’ இங்கே வெர்ப், ஏமாறாதீர்கள். காதால் மட்டும் கேட்டால் ‘பேஷன்ஸ்’ஸும் ‘பேஷன்ட்ஸ்’ஸும் ஒன்றுபோல ஒலிக்கும், பின்னது ஆஸ்பத்திரி நோயாளிகள்.

‘தி அரைவல் ஆஃப் த ட்ரெயின் காஸ்டு கன்ஃப்யூஷன்.’ இரண்டு விடை: அரைவல், கன்ஃப்யூஷன். ட்ரெயின் வருவதைப் பார்க்கிறோமே என்று பிள்ளை கேட்கலாம். பார்ப்பது ட்ரெயினை, வருதல் என்பது அந்தச் செயலுக்கு நாம் வைத்த பெயர். அரைவலுக்கு முன் ‘தி’ இருப்பது பின்னால் ‘ஆஃப்’ இருப்பதால். கன்ஃப்யூஷனைக் குறிப்பாக்க எதுவும் இல்லை, ஆகவே ‘த’வும் இல்லை.

‘ஹி வாஸ் டயர்டு பட் ஹேப்பி.’ விடை பூஜ்யம். இரண்டும் அட்ஜெக்டிவ். பயிற்சியில் இப்படி ஒரு வெற்று வாக்கியத்தைக் கட்டாயம் சேருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு விடை இருந்தே தீரும் என்ற எண்ணத்தில் பிள்ளைகள் எதையாவது அடிக்கோடிடும்.

‘ஐ ஹோப் யூ ஹேவ் சம் ஹோப்.’ முதல் ஹோப் வெர்ப், ‘ஐ’ அதன் எழுவாய். இரண்டாவதற்கு முன் ‘சம்’, அது நவுன். கோடு இரண்டாவதற்கு மட்டும்.

‘த விட்னஸ் டோல்டு த ட்ரூத்.’ விட்னஸுக்கு வால் இருக்கிறது, ஆனால் ஆள். ட்ரூத் மட்டுமே விடை. மூலச்சொல் ‘ட்ரூ’, கடைசி ஈ போய் டி-ஹெச் வந்திருக்கிறது.

‘தேர் வாஸ் நோ ரூம் இன் த ரூம்.’ முதல் ரூமுக்குக் கோடு போடுங்கள். இரண்டாவதற்குள் நுழைய நான்கு சுவரும் ஒரு கதவும் இருக்கின்றன.